புகைக்கு அடுத்த கோப்பை

அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கி என்றால்தான் திரும்புவாள். அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் பக்கத்து மேசைக்காரன் பீப்பாய். அவனுக்கு அந்தப் பேர் ஏன் வந்தது என்பது அவன் நாற்காலியில் உட்காரும்போது பார்ப்பவர்களுக்கே விளங்கிவிடும். இருவருக்கும் வேலை ஒன்றுதான்: ஸ்காட்லாந்திலிருந்து வரும் சிங்கிள் மால்ட் விஸ்கிகளை மோந்து, சுவைத்து, மாதப் பத்திரிகையில் மதிப்புரை எழுதுவது. ஒரே விஸ்கியில் பீப்பாய் நாலு வாசனை கண்டுபிடித்தால் மூக்கி ஒன்பது சொல்லுவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போனது; போகும்போது மூக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. குணமாகி முதல் நாள் கோப்பையை எடுத்து மோந்தாள். ஒன்றுமே இல்லை. வாயில் ஊற்றினால் நாக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

"பழைய ஞாபகத்துல நாலு வரி எழுதிக் கொடுத்துடேன். யார் கேக்கப் போறாங்க?" என்றான் கணவன்.

"காது அடைச்சவ கச்சேரிக்கு விமர்சனம் எழுதின கதையா ஆயிடும். போங்க."

நேரே ஆசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவளுடைய பக்கம் பீப்பாய்க்குப் போனது. அவன் சந்தோஷப்படவில்லை. "நீ வர்ற வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சுக்கோ" என்றான்.

டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. தினமும் காலையிலும் மாலையிலும் நாலு வாசனைகளை மெதுவாக, மனசை ஊன்றி மோந்து பழகச் சொன்னார். இதைக் கேட்டதும் களத்தில் குதித்தது மாமியார். பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிற பெண்மணி. ஆனால் மருமகள் பேயறைந்த மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. எலுமிச்சைத் தோல், கிராம்பு, பன்னீர், யூகலிப்டஸ் தைலம் என்று நாலு டப்பாக்களைத் தயார் செய்தார். மருமகளின் கண்ணைத் துண்டால் கட்டினார்.

"இது என்ன?"

"தெரியல அத்தை."

"சும்மா தெரியலன்னு சொல்லாத. நல்லா இழுத்து மோந்துட்டுச் சொல்லு."

"கிராம்பா?"

"அடிப்பாவி! எலுமிச்சையைப் போய்க் கிராம்புங்கிறியே! சரி, இன்னொரு தடவை."

மாதங்கள் ஓடின. ஒருநாள் காபியை வாயருகே கொண்டு போனவள் குமட்டிக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தாள். டயர் எரிகிற நாற்றம். அதன் பிறகு எதை எடுத்தாலும் அதே நாற்றம்தான். "இதுக்கு ஒண்ணும் தெரியாமலே இருந்திருக்கலாம் அத்தை" என்று விம்மினாள்.

"நாத்தமோ வாசனையோ, ஏதோ ஒண்ணு வருதுல்ல? கதவு திறந்தாச்சு. முதல்ல நாய் நுழைஞ்சிருக்கு, பின்னாடியே மனுஷங்க வருவாங்க. கண்ணைக் கட்டு."

வந்தார்கள். ஒரு காலை குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு கத்தினாள்: "அத்தை! பால் தீயுது!"

மாமியார் அடுப்பை அணைக்கப் போகவில்லை. விழுந்தடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். பாத்திரம் அடிப்பிடித்துக் கருகி உதவாமல் போனது. யாரும் வருத்தப்படவில்லை.

அந்த வாரமே மூக்கி ஆசிரியர் முன் நின்றாள். வருஷத்தின் சிறந்த மால்ட்டைத் தேர்ந்தெடுக்கப் பத்திரிகை நடத்தும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

"நடுவர் நாற்காலி எனக்கு வேணும் சார்."

"வந்துடுச்சுன்னு நீ சொன்னாப் போதுமா? நான் பாக்கணும்மா."

மூன்று கோப்பைகளை வைத்தார். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மட்டும் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கோப்பைகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார். அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை. பீப்பாய் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்ததில் ஒரு கோப்பை உருண்டது.

போட்டியன்று மூக்கி, பீப்பாய் உட்பட ஐந்து நடுவர்கள் வெள்ளை விரிப்பு போட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டில்களுக்குத் துணி உறை மாட்டியிருந்தது. கடைசிச் சுற்றில் ஆறு கோப்பைகள். நாலாவது, புகை விஸ்கி. சதுப்பு மண்கட்டியை எரித்து அந்தப் புகையில் வாற்கோதுமையை உலர்த்திச் செய்தது. அறை முழுக்க மணந்தது. பீப்பாய் சொக்கிப் போனான். அடுத்ததாக ஐந்தாவதை எடுத்ததும் எல்லார் முகமும் சப்பென்று ஆனது.

"வெறும் தண்ணி" என்றார் மது வியாபாரியான மூத்த நடுவர்.

மூக்கிக்கும் அப்படித்தான் இருந்தது. மறுபடியும் போய்விட்டதா? சட்டென்று தன் புறங்கையை மோந்தாள். காலையில் போட்ட சோப்பு, அதன் அடியில் கடிகார வாரின் தோல் வாசனை. மூக்கு இருக்கிறது! அப்படியென்றால் கோளாறு வேறு எங்கோ. கோப்பையை மூடி வைத்து, தண்ணீர் குடித்து, பேசாமல் காத்திருந்தாள். பிறகு மூடியைத் திறந்தாள்.

பழுத்த பேரிக்காய். தேன். அப்போதுதான் வெட்டிய புல். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் எங்கோ தொலைவில் கடல் உப்பு.

"ஐயா, வரிசையை மாத்தி மறுபடியும் வைக்கச் சொல்லுங்க. புகை நம்ம மூக்கை அடைச்சுடுச்சு. இந்த அஞ்சாவதை நாம இன்னும் பாக்கவே இல்ல."

வியாபாரி புருவத்தை உயர்த்தினார். "நீங்க உடம்பு முடியாம இருந்தவங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க மூக்கை நம்பி முடிவை மாத்தணுங்கிறீங்களா?"

"என் மூக்கை நம்ப வேண்டாங்க. உங்க மூக்கை நம்புங்க. கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வந்து, புகையைக் கடைசியா வச்சு ஒரு தடவை மோந்து பாருங்க. அப்பவும் தண்ணின்னா நான் வாயத் திறக்கல."

புகை விஸ்கிக்கு ஏற்கெனவே மனசைப் பறிகொடுத்திருந்த பீப்பாய் பெருமூச்சு விட்டு எழுந்தான். "மாத்தி வைங்கப்பா. இவ சொன்னா விஷயம் இருக்கும்."

எல்லாரும் வெளியே உலாவிவிட்டு வந்தார்கள். வரிசை மாறியது. வியாபாரி மோந்தார். கோப்பையைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் இது எங்கம்மா ஒளிஞ்சிருந்துச்சு?"

ஐந்து பேரும் அதற்கே முதலிடம் கொடுத்தார்கள். உறையைக் கழற்றியபோது யாரும் கேள்விப்பட்டிராத ஒரு சின்ன வடிசாலையின் பேர் தெரிந்தது. அவர்கள் வெளியிட்ட முதல் பாட்டில். வியாபாரி எழுந்து வந்து மூக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த வருஷம் வரிசையை நீங்களே போடுங்க" என்றார். ஆசிரியரோ வாயெல்லாம் பல்லாக நின்றார். "மதிப்புரையை யாரு எழுதறது?" என்றார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"அவ பக்கம் சார் அது. நான் காவல்காரன்தான்" என்றான் பீப்பாய்.

சுவைக்கும்போது நடுவர்கள் விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். மூக்கி அந்த பாட்டிலை எடுத்து ஐந்து கோப்பைகளிலும் தாராளமாக ஊற்றினாள்.

"வேலை முடிஞ்சுது. இதை யாரும் துப்பக் கூடாது" என்றாள், தன் கோப்பையை முதலில் தூக்கி.