ஆய்வுகூடத்துக்கு ஆள் தேவை

"மீனை நிப்பாட்டடி!" என்று பாலேஸ்வரி மகள் நிலாணியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபோது, மாப்பிள்ளை வீட்டார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

புலம்பெயர்ந்து குடியேறிய மில்லிக்கன் புறநகர் வீட்டின் பெரிய தொலைக்காட்சியில் ஒரு மீன் வயிறு பிளந்து கிடந்தது. அதற்குப் பின்னால், வீடியோ அழைப்பில், வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக நிலாணியின் சக ஆசிரியை வேரோனிக்கா நின்றாள். நிலாணி ரிமோட்டைத் தேடினாள். அது சோபாவில் அமர்ந்துவிட்ட மாப்பிள்ளையின் தாய் கோணேஸ்வரிக்குக் கீழே அகப்பட்டுவிட்டது. அவர் அசையும்போதெல்லாம் சத்தம் கூடியது.

நிலாணி வடக்கே, அந்த நாட்டின் பூர்வகுடிகளான முதற்குடி மக்கள் தாங்களே நடத்தும் சிறு கல்லூரியொன்றில் உயிரியல் விரிவுரையாளர். கொரோனாக் காலத்தில் இந்த வீட்டு பேஸ்மென்றில் இருந்துதான் பாடம் நடத்தினாள். கல்லூரி திறந்தபோது மற்ற விஞ்ஞான ஆசிரியர்கள் களைத்துப்போய் வேலையை விட்டிருந்தார்கள். எஞ்சியது அவளும், அந்த மக்களில் ஒருத்தியான வேரோனிக்காவும், தூசி படிந்த ஆய்வுகூடமும். யாரோ கழித்துவிட்ட நுண்ணோக்கிகளை ஏற்றிப்போகத்தான் அவள் இப்போது வந்திருந்தாள். பாலேஸ்வரியோ, "மகள் டவுன்ரவுன் யூனிவேர்சிற்றியில புரொபசர்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

வேரோனிக்கா திரையிலிருந்து மாப்பிள்ளை மிதுனனைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு வந்திருப்பவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "போத்தல் கழுவத் தெரியுமா?"

மிதுனன் மரியாதையாக எழுந்து நின்றான். "வீட்டில் டிஷ்வாஷர் இருக்கிறது."

"இரத்தம் பார்த்தால்?"

"மயங்கிவிடுவேன்."

"பெட்டி தூக்குவீர்களா?"

மிதுனன் தாயைப் பார்த்தான். "தம்பிக்கு நாரி நோ, குனிய ஏலாது," என்றார் கோணேஸ்வரி. பிறகு திரையைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "உவா ஆர்? என்ன ஆக்கள்?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நிலாணி அதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டாள். வேரோனிக்கா மகிழ்ந்துபோனாள். கையுறையைக் கழற்றி, தன் தாயின் ஊரையும் ஏரியையும் சொல்லி, "நான் கொக்குக் குலம்" என்றாள்.

"கொக்கெண்டா உயர்ந்த ஆக்களோ?"

நிலாணி அதையும் கேட்டாள்.

"மிகவும் உயரம். கால் நீளம்தானே!"

நிலாணியின் அப்பா சிவபாதத்துக்கு வடை புரைக்கேறியது.

"அப்ப, பிள்ளை உங்கையோ படிப்பிக்கிறீர்?" கோணேஸ்வரிக்கு இப்போது விளங்கிவிட்டது. "அவையின்ர வீடுகளில தேத்தண்ணி குடிக்கிறனீரோ?"

"ஓம் அன்ரி. சாப்பிடவும் செய்யிறனான்."

"கலியாணத்துக்குப் பிறகு உந்த வேலையை விடவேணும். எங்கட சொந்தக்காரருக்கு என்னெண்டு சொல்லுறது?"

மிதுனன் சமாதானம் பேசினான். "முந்தி மாதிரி ஒன்லைன்ல செய்யலாம்தானே?"

"ஒன்லைன்ல நான் மீன் வெட்ட, பிள்ளையள் பாத்துக்கொண்டிருந்தவை," என்றாள் நிலாணி. "இப்பத்தான் அவையின்ர கையில கத்தி இருக்கு."

"கத்தியோ!" என்றார் கோணேஸ்வரி.

"நான் விட்டா வேரோனிக்கா தனிய. லாப் பூட்டுப்படும். நான் விடமாட்டன் அன்ரி."

பாலேஸ்வரி பதறிப்போய்த் தேநீரை நீட்டினாள். "முதல் இதைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

கோணேஸ்வரி கையைப் பின்னுக்கு இழுத்தார். கைப்பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினார். "கொரோனாக்குப் பிறகு நாங்கள் கண்ட இடத்தில வாய் வைக்கிறேல்லை."

சற்றுமுன் வடைத்தட்டைக் காலி செய்த வாய் அது.

அப்படி விலகும் கையைப் பாலேஸ்வரிக்குத் தெரியும். ஊரில் தன் வீட்டாரின் கைகள் அப்படித்தான் விலகும். வேலைக்கு வந்தவர்களுக்குத் தேநீர் தேங்காய்ச் சிரட்டையில்தான். இன்றுதான் அது அவளுடைய கோப்பைக்கு நடந்தது. கோப்பையோடு அப்படியே நின்றாள். பிறகு போய், அவர்கள் வெளியேறக் கதவைத் திறந்துவிட்டாள்.

கார் புறப்பட்டது. தமிழ் விளங்காமல் இவ்வளவு நேரமும் திரையில் காத்திருந்த வேரோனிக்கா, "அவருக்கு வேலை கிடைத்ததா?" என்று கேட்டாள்.

நிலாணி வாய் திறக்குமுன் பாலேஸ்வரி முன்னால் வந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைத் திரட்டினாள்.

"நோ மேடம். ஹீ ஃபெயில். மதர் ஆல்சோ ஃபெயில்."