வாடகைக்குப் போன முதல் பரிசு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. கை கழுவப் போன இடத்தில் ஒரு பித்தளை அண்டா. அதன் வயிற்றில் ‘பிள்ளைகள் கோ-கோ லீக், முதல் பரிசு’ என்று வெட்டி, கீழே வருஷா வருஷம் ஜெயித்தவர்கள் பெயர். அண்டாவையா பரிசாகக் கொடுப்பார்கள்? விசாரித்துக்கொண்டு திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலுக்குப் போனேன். தமிழ்மதி, பனியன் கம்பெனி டைலர். லீக்கின் வரவு செலவு அவர் கையில்.

“கோப்பை அலமாரில உக்காந்து தூசிதானுங்க வாங்கும். அண்டா வாடகை வாங்குமுங்க.”

ஜெயித்த பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். மறுநாளே அது கல்யாண வீடுகளுக்குக் கிளம்பிவிடும். அந்த வாடகையோடு கொஞ்சம் நன்கொடையும் சேர்த்துத்தான் அடுத்த வருஷப் போட்டி. எந்தப் பிள்ளையிடமும் கட்டணம் கிடையாது. என்ன மூளை பாருங்கள்!

2

2009. ‘மைதானத்தின் மேல் இளவெயில் படர்ந்து—’

(வேண்டாம், அடித்துவிட்டேன்.)

ஆர்டர் குறைந்து, நன்கொடை தந்த கம்பெனிகள் கைவிரித்த வருஷம். இறுதிப் போட்டியன்றே முகூர்த்தம். இரட்டை வாடகை தருவதாகக் கல்யாண வீட்டார் அண்டாவைக் கேட்டார்கள். விட்டால் அடுத்த வருஷம் லீக்கே இல்லை. தமிழ்மதி கொடுத்துவிட்டார்.

ஜெயித்தது ஜோதிகாவின் அணி. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளை.

“யக்கா, நம்ம அண்டாவ எங்க?”

தமிழ்மதி அவள் கையைப் பிடித்தார். “கல்யாணத்துக்குப் போயிருக்குது கண்ணு. வா, போய்ப் பாக்கலாம்.”

3

(இங்கே கல்யாண வீட்டார் மனமிரங்கி அண்டாவைத் திருப்பித் தருவதாக எழுதி, தமிழ்மதியிடம் படித்துக் காட்டினேன். “அப்ப பாயசத்தை எங்கீங்க ஊத்தறது?” என்றார். அந்த முடிவு அதோடு போச்சு.)

மண்டபத்தின் பின்னால் அண்டாவில் பாயசம் கொதித்தது. சமையல்காரர் மயில்சாமி, அண்டாவில் வெட்டியிருந்த எழுத்தைப் படித்தார். பிள்ளைகளின் புழுதிக் கால்களைப் பார்த்தார். நீளக் கரண்டியைக் கழுவி ஜோதிகாவிடம் நீட்டினார்.

“அண்டா சுடும் கண்ணு. இதைத் தூக்கு.”

தலைக்கு மேல் தூக்கினாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரரே எட்டிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்தார். “நாளைக்கு மறுவீட்டு விருந்துங்க. இன்னொரு நாள் வாடகை தர்றேன், அண்டா இங்கயே இருக்கட்டுங்களா?”

தமிழ்மதி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அண்டாவோடு ஊரைச் சுற்றுவதும் போய்விடுமே. கரண்டியை இறக்காமலே ஜோதிகாதான் சொன்னாள்: “குடுங்கக்கா. அடுத்த வருசமும் நாங்கதான ஜெயிப்போம்.”

4

ஜெயித்தார்களா? அண்டாவின் வயிற்றில் நான் பார்த்துவிட்டேன்; எழுத மாட்டேன். திருப்பூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால், பாயசம் குடித்த கையோடு நீங்களே போய்ப் பாருங்கள்.