மூன்றாவது கூண்டில் ஒரு மஞ்சள் குடை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு அடுத்தவர் வீட்டு ஹாலில் கிடைத்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் போன் செய்தார். என் பழைய கண்ணாடியை நான் கடையிலேயே விட்டுவிட்டேனாம். அவர் வீடு என் வழியில்தான், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். போனேன். அலமாரியின் மேல் மூன்று கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. பேக்கரியில் கேக்கின் மேல் கவிழ்த்து வைப்பார்களே, உச்சியில் பிடித்துத் தூக்க ஒரு குமிழோடு, அந்த மாதிரி. இரண்டுக்குள் கையால் செய்த காகித இலைகளும் காய்ந்த விதைகளும் பார்த்துப் பார்த்து அடுக்கப்பட்டிருந்தன. மூன்றாவது காலி. தூசு தும்பு இல்லாமல் துடைத்து வைத்த காலி.

"இதுல ஏன் ஒண்ணும் வைக்கல?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அது சும்மா" என்றார். சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவர் கணவர், டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி முழுக்க நான் இட்டுக்கட்டியது. (அவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறவர்களுக்குத் தோல் கொஞ்சம் தடிமன்தான்.)

2

தொடக்க வரி மூன்று எழுதினேன்.

மழை வரும்போல இருந்தது. (இன்னும் எத்தனை கதையில்தான் மழை வரும்போல இருக்கும்?)

கண்ணாடிக்குள் இருப்பது பத்திரமாக இருக்கிறதா, அல்லது (ஐயோ, போதும். கதை கேட்க வந்தவர்களுக்குப் பிரசங்கம் எதற்கு?)

லிஃப்ட்காரருக்குக் காகிதம் என்றாலே ஆகாது. (இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.)

லிஃப்ட்காரருக்குக் காகிதம் என்றாலே ஆகாது. டம்ளரோடு நின்ற கணவருக்கு நான் கொடுத்த வேலை, மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. கம்பி, போல்ட், கிரீஸ் தவிர உலகத்தில் மற்றதெல்லாம் அவருக்கு விளையாட்டுச் சாமான். ஆனால் அவர் மனைவி வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பருவம் மாறினால் கூண்டுக்குள் இருப்பதும் மாற வேண்டும். ஆளுக்கு ஒரு கூண்டு. கடையில் வாங்கியது கூடாது, மீந்ததையும் கழித்ததையும் வைத்துக் கையால் செய்ய வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. அவரவர் கூண்டை அவரவர்தான் தூக்கலாம். மற்றவர்கள் வெளியே துடைப்பதோடு சரி.

மழைக்காலம் வந்தால் மனைவி, கடையில் கழித்துப்போட்ட லென்ஸ் ஒன்றைச் சுற்றிப் பாசியை ஒட்டி, ஒரு குட்டை செய்வார். லிஃப்ட்காரர் முனகிக்கொண்டே மின்கம்பியை வளைத்துத் தவளை செய்வார். அது தவளை என்று அவர் சொன்னால்தான் தெரியும்.* மகள் காகிதத்தில் எதை வேண்டுமானாலும் செய்வாள். இருபத்து நாலு வயதாகியும் அப்பாவுக்கு அவள் "பாப்பா"தான்.

* மகள் அதைக் கரப்பான்பூச்சி என்பாள். "மழைக்கு அதுவும்தானப்பா வெளிய வரும்" என்று சமாதானமும் சொல்வாள்.

3

அப்படியானால் மூன்றாவது கூண்டு ஏன் காலி? முதல் பிரதியில் மகளைச் சாகடித்துப் பார்த்தேன். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் என் அக்கா. போனிலேயே கிழித்தாள். "உனக்கு வேற வழியே தெரியாதா? அந்தப் பொண்ணு உனக்கு என்னடி பாவம் செஞ்சா?" நியாயம்தான். பிழைக்க வைத்தேன்.

நடந்தது இதுதான். படிப்பு முடித்தும் மகளுக்கு வேலை கிடைக்கவில்லை. நாள் முழுக்க வீட்டில் கத்தரிக்கோலும் பசையுமாக இருந்தாள். ஒருநாள் லிஃப்ட்காரரின் மேலாளர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். இவர் பதறிப்போய் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். மகளின் கூண்டுக்குள் ஒரு காகித மரம் இருந்தது. ஒவ்வோர் இலையும் தனித்தனியே வெட்டி ஒட்டியது. வருகிறவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தில் கூண்டைத் தூக்கி, மரத்தை எடுத்து, கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். மேலாளர் வந்து, "இது மட்டும் ஏன் காலி?" என்று கேட்டார்.

"பொண்ணுக்கு வேலை இல்ல சார். அதான் காகிதத்த வெட்டிப் பொழுத ஓட்டுறா. எல்லாம் குப்பை" என்று சொல்லிச் சிரித்தார் லிஃப்ட்காரர்.

மகள் டீத் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள்.

அந்த வாரமே வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பரிசுப்பொருள்களைப் பெட்டியில் கட்டி அனுப்பும் இடம். வீட்டுச் சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, ஆனால் வந்ததில்லை. அம்மாவுக்குப் போன் செய்வாள். தப்பித்தவறி அப்பா எடுத்துவிட்டால், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள். அப்பாவோடு பேச்சு அவ்வளவுதான்.

கதை நடக்கும் நாளில் அவள் காலையிலிருந்தே வேலையில் இருந்தாள். உடையும் சாமான்களை மஞ்சள் காகிதத்தில் சுற்றிச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். டீ நேரத்தில், கிழிந்துபோன மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து என்னவோ மடித்தாள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. மடித்ததை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். என்ன மடித்தாள் என்று நான் எழுதவில்லை. கதைக்குத் தேவைப்படவில்லை.

4

அடுத்த காட்சியை நான் எழுதியது எழுதியபடியே தருகிறேன். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

[மழை பிடித்துக்கொண்டதால் லிஃப்ட்காரர் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். செருப்பை உதறிவிட்டு, நனைந்த சட்டையோடு ஹாலுக்குள் நுழைந்தார். மனைவி சற்று முன்புதான் கடையிலிருந்து வந்து நேராக அடுப்படிக்குப் போயிருந்தார். லிஃப்ட்காரர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். குட்டை, தவளை, மஞ்சள் குடை என்று மூன்று கூண்டும் மழைக்குத் தயாராக இருந்தன. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. "வந்தாச்சா?" என்றது மனைவியின் குரல்.]

இதை அக்காவுக்கு அனுப்பிவிட்டு, நல்லபடியாகப் போகிறது என்ற திருப்தியில் இருந்தேன். போன் வந்தது.

"ஏய், மூணாவது கூண்டு காலின்னுதானே சொன்ன?"

"ஆமா."

"அப்ப குடை எங்கேருந்து வந்துச்சு?"

5

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்துப் படித்தேன். குடை இருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன், வேறு யார் எழுதுவார்கள்? மூன்று கூண்டு என்ற ஞாபகத்தில் மூன்று பொருளை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். வெறும் கைத்தவறு. எல்லோருக்கும் வருவதுதான். அடித்துவிட்டால் போயிற்று.

அடித்தேன். குட்டை, தவளை, பக்கத்தில் வழக்கம்போல் காலியாக ஒரு கூண்டு என்று திருத்தினேன். பிறகு அடுத்த வரியை எழுதினேன்.

அவர் டீ கேட்டா

ஓடவில்லை. மறுபடி எழுதிப் பார்த்தேன். அவர் டீ கேட்கும் நிலையில் இல்லை. துண்டு தலையிலேயே கிடக்க, வாய் பிளந்தபடி அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிச்சுட்டியா?" என்றாள் அக்கா.

"அடிச்சுட்டேன்."

"அடிப்பாவி! திரும்ப எழுது. அந்த மனுஷன் பாத்துட்டாருடி."

"அக்கா, அவரே நான் உண்டாக்கின ஆளு."

"அதுக்காக? அவருக்குக் கண்ணில்லையா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருடம் எழுதி, நான் செய்த ஒரு பிழையைப் பார்த்து இப்படி ஒருத்தர் நின்றதில்லை. குடையைத் திரும்ப வைத்தேன்.

6

"இங்க வாயேன்" என்று கூப்பிட்டார் லிஃப்ட்காரர்.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்த மனைவி, அவர் பார்வை போன பக்கம் பார்த்தார். ஈரக்கை அப்படியே வாய்க்குப் போனது.

"நீ வச்சியா?"

"நானா? அவ கூண்ட நான் எதுக்குத் தொடுறேன்? நீங்க வச்சீங்களா?"

"எனக்குக் குடை செய்ய வருமா? செஞ்ச தவளையே கரப்பானா நிக்குது."

மனைவி ஓடிப்போய்த் துண்டுக் காகிதம் போட்டுவைக்கும் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். பச்சை, நீலம், பழைய காலண்டர் தாள். இரண்டு பேரும் மண்டியிட்டுக் கிளறினார்கள்.

"மஞ்சக் காகிதமே நம்ம வீட்ல இல்லைங்க."

"சாவி அவகிட்டத்தானே இருக்கு?"

"இருக்கு. ஆனா வந்திருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போவாளா?"

"உங்கிட்ட சொல்லணும்னா போன் பண்ணியிருப்பா" என்றார் லிஃப்ட்காரர். "இத எங்கிட்ட சொல்லியிருக்கா."

இந்தப் பேச்சை நான் யோசித்து வைக்கவே இல்லை. அவராகப் பேசினார். பேசிவிட்டுக் கொட்டிய காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து, பெரிய ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதார். மனைவிக்கும் அழுகை வந்தது. கிட்டத்தில் பார்க்கலாம் என்று எழுந்து கூண்டின் குமிழில் கை வைத்தார்.

"தொடாத!" என்று அலறினார் லிஃப்ட்காரர். "அது அவளோடது."

7

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். மகள் வரவில்லை. குடையை வைத்தது என் கவனக்குறைவு. அது தெரியாமல் ஒரு மனுஷர் தன் பெண் தன்னை மன்னித்துவிட்டாள் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார். தப்பிக்க வழி தேடினேன்.

மனைவி, "நான்தான் விளையாட்டுக்கு வச்சேன்" என்று பொய் சொல்லலாம். பிழை ஒரே வரியில் சரியாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷர் எழுந்திருப்பாரா?

மகள் மதியம் யாருக்கும் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போனாள் என்று மூன்றாம் பகுதியைத் திருத்தலாம். திருத்தியிருப்பேன். ஆனால் அதை நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் காலையிலிருந்து வேலையில் இருந்ததற்கு நீங்களே சாட்சி.

நானே உள்ளே போய், "ஐயா, மன்னிக்கணும், அது என் கைத்தவ

சொல்ல மாட்டேன். எனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம் இல்லை.

(அக்காவிடம் கேட்டேன். "உன் பாடு, அவர் பாடு" என்று சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர போனை வைக்கவில்லை.)

நான் இப்படி முழித்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட்காரர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துவிட்டார்.

"என்னங்க பேசப்போறீங்க?"

"தெரியலையே" என்றார். சொல்லிக்கொண்டே மகளின் பெயரைத் தொட்டார்.

8

பெட்டி கட்டும் மேசையில் மகளின் போன் அதிர்ந்தது. திரையில் "அப்பா". அவர் தானாக அழைத்ததே இல்லை. அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று உடனே எடுத்தாள். வழக்கமான இரண்டு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பாப்பா" என்றார் அவர் முந்திக்கொண்டு. "மஞ்சக் குடை பாத்தேம்மா. ரொம்ப நல்லா இருக்கு. நான் தொடல. கூண்டக்கூடத் தூக்கல. உன்னோடதாச்சேன்னு அப்படியே வச்சிருக்கேன்." மூச்சு வாங்கினார். "அந்த மரத்த நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதும்மா."

மகள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். டீ நேரத்தில் அவள் மஞ்சள் காகிதத்தில் மடித்தது குடைதான். மூன்றாம் பகுதியில் தேவையில்லை என்று விட்டேனே, அது. எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை. பக்கத்து மேசைக்காரிகூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

போனைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையை மெதுவாக ஏப்ரன் பைக்குள் விட்டாள். விரல் அடிவரை போய்

இதற்கு மேல் என்னால் முடியாது. பையில் குடை இருக்கிறதா, இல்லையா? சத்தியமாக எனக்குத் தெரியாது. இருந்தால் அந்த வீட்டில் இருப்பது என் பிழை. இல்லாவிட்டால் அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கையை வெளியே எடுக்கும் வேலையை உங்களிடம் விடுகிறேன். காகிதம் தட்டுப்படட்டும், தட்டுப்படாமல் போகட்டும், உங்கள் இஷ்டம்.

அங்கே அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார். தலையில் துண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. அவள் ஏதாவது பேசியாக வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும், திட்டினாலும் சரி. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், "அம்மாகிட்ட குடுங்க" என்று மட்டும் அவளைச் சொல்லவைத்துவிடாதீர்கள்.