பக்கவாட்டுக் கதவு

மூன்றாவது சனிக்கிழமையும் அந்த ஆள் வந்து நின்றதும் நிவெஸுக்குச் சுருக்கென்றது. ஃபெராராவில் வருஷக்கணக்காக ஊர் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவள் அவள். ஒரே சுற்றுக்கு இரண்டு தடவை வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். ஓவியப் பைத்தியங்கள், மழைக்கு ஒதுங்க இடமில்லாதவர்கள், ஒரு தடவை அவளையே கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பல் டாக்டர் ஒருவர். இந்த மனிதர் எந்த ரகத்திலும் சேரவில்லை.

பெயர் இவோ மாலாகோலி என்றார். அறுபது வயதிருக்கும். தடித்த உடம்பு, சாம்பல் நிற ஓவர்கோட்டு. முதுகில் ஒரு பை. எங்கே உட்கார்ந்தாலும் அதைக் கழற்றுவதில்லை.

ஸ்கிஃபனோயா மாளிகையின் பெரிய கூடத்தில், சுவர் முழுக்க மாதங்களைத் தீட்டி வைத்திருக்கிற இடத்தில், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "ஏப்ரலைப் பாருங்க. அந்தக் கழுதைப் பந்தயத்துல பொண்ணுங்களும் ஓடுறாங்க" என்று நிவெஸ் சொன்னதும் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. ஏப்ரலுக்கு முதுகைக் காட்டியபடி வாசல் நிலையை ஒட்டி நின்று, கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்த மூலையில இருக்கிற கதவு எங்க போகுது?"

"மாடிப்படிக்கு."

"பூட்டியிருக்குமா?"

போன வாரமும் இதே கேள்வி. வைரக்கல் மாளிகைக்கு வெளியே தெருவில் நிற்கும்போது மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். கூர் கூராகச் செதுக்கிய கல்லைத் தடவிப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவரிடம் ஏதாவது நக்கலடிப்பார். வெளியே திருட என்ன இருக்கிறது, அதுதான் நிம்மதியாக இருக்கிறார் என்று நிவெஸ் நினைத்துக்கொண்டாள்.

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. ஜனவரியில் பக்கத்து ஊர் தேவாலயம் ஒன்றில் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளும் சின்ன மாதா படமும் களவு போயிருந்தன. அவளுடைய சுற்று முடிகிற சான் வெனான்சியோ தேவாலயத்திலோ பீடத்துக்கு இரு புறமும் பொன் பூசிய இரண்டு மரத் தேவதைகள் நின்றன. ஐந்நூறு வருஷத்துப் பழசு. கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நடந்துவிடலாம்.

அந்தத் தேவாலயத்துக்கு எதிர்ச் சாரியில் காப்பிக் கடை வைத்திருந்த திர்ச்சேயிடம் சொன்னாள். திர்ச்சே கோப்பையைத் துடைத்துக்கொண்டே கண்ணடித்தாள்.

"மூணு வாரமாவா? அப்போ ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு உன் மேல கண்ணு, இல்ல தேவதை மேல கண்ணு. என் மேல இல்லைன்னு மட்டும் தெரியுது. இங்க வந்து ஒரு காப்பி கூடக் குடிக்கல பாவி."

"விளையாடாதடி. அந்த ஆளு படத்தையே பாக்குறதில்ல. கதவையும் கூரையையும்தான் பாக்குறான்."

"அப்போ சோதிச்சுப் பாரேன்."

அடுத்த சனிக்கிழமை சோதித்துப் பார்த்தாள். ஸ்கிஃபனோயாவில் வேண்டுமென்றே மார்ச்சைக் காட்டி நவம்பர் என்றாள். ஒரு கிழவி உடனே திருத்தினாள். அவர் காதில் அது விழவேயில்லை. சான் வெனான்சியோவுக்கு வந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "இந்தப் பக்கவாட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைஞ்சு கிடக்கு. யாரும் சரி பண்ணல. தள்ளினாத் திறந்துக்கும்" என்றாள்.

இவோ மாலாகோலியின் முகம் மலர்ந்தது. அவர் முகத்தில் அவள் பார்த்த முதல் மலர்ச்சி அது.

திங்கட்கிழமை காலை, மூடுபனியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவள் கண்ணாலேயே கண்டாள். அவர் சர்ச்சை ஒட்டிய சந்துக்குள் நின்று அந்தக் கதவைத் தள்ளினார். திறந்தது. இழுத்து மூடினார். மறுபடி தள்ளினார். பிறகு திர்ச்சேயின் கடைக்குள் போனார்.

நிவெஸ் போலீஸுக்குப் போன் செய்தாள்.

இரண்டு பேர் வந்தார்கள். கடையில் காலைக் கூட்டம். வாசலை ஒட்டிய மேசையில் அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மூத்த போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளேயிருந்து டார்ச் லைட் வந்தது, தடித்த கையுறை வந்தது, ஒரு பாட்டில் தண்ணீர் வந்தது, கடைசியில் ஒரு விசில்.

"பாத்தியா, கையுறை!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"சர்ச்சுக் கதவை எதுக்குத் தள்ளிப் பாத்தீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"திறக்குதான்னு பாத்தேன்."

"இந்த டார்ச், விசில் எல்லாம்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கடை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "கூரை விழுந்தா வேணும்ல" என்றார். "உள்ள மாட்டிக்கிட்டா இருட்டா இருக்கும். கத்திக் கத்தித் தொண்டை போயிரும். அப்போ ஊதணும்."

மண் குலுங்கிய அந்த வருஷத்தை அந்தக் கடையில் மறந்தவர் எவருமில்லை. அவர் ஊர் மோதெனா பக்கம். குலுக்கலில் பாதி இடிந்த ஊர். அப்போது அங்கே சர்ச்சில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பக்கவாட்டுக் கதவு பூட்டியிருந்ததாம். அவரை வெளியே எடுத்தபோது மறுநாள் ஆகியிருந்ததாம். அன்றிலிருந்து இந்தச் சுற்றுக்கு வரும்வரை வளைவுக் கூரை போட்ட எந்தக் கட்டடத்துக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை, மரப்பலகை வீட்டில்தான் படுக்கிறார்.

"என் பொண்ணுக்கு இந்த சர்ச்லதான் கல்யாணம், மார்ச்சுல" என்றார். "மாப்பிள்ளை இந்தத் தெருக்காரன். நான்தான் அவ கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போகணும். அதான் பழகிக்கலாம்னு வந்தேன். கூட்டத்தோட நடந்தா காலு கொஞ்சம் உள்ள போகுது." பிறகு நிவெஸைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. "அந்தக் கதவு திறக்கும்னு நீங்க சொன்ன அன்னிக்குத்தான், ஆத்தா, எனக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு."

பையை மூடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால்கூட நிவெஸ் மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் போலீஸ் வந்துபோன செய்தி கேட்டு ஃபாதர் அல்பீனோ மிரண்டுபோய், பக்கவாட்டுக் கதவுக்கு ஒரு பெரிய இரும்புப் பட்டையும் பூட்டும் போட்டுவிட்டார். சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

ஓடினாள் அவரிடம்.

"ஃபாதர், கல்யாணத்தன்னிக்கு மட்டும் அதைத் திறந்து வைங்க."

ஃபாதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "திருடன் வந்துட்டான்னு ஊரைக் கூட்டினது யாரு? நீ. இப்போ திருடனுக்குக் கதவைத் திறன்னு சொல்றது யாரு? அதுவும் நீ. என்னம்மா நடக்குது?"

"அவர் திருடன் இல்ல ஃபாதர்."

"பூகம்பக் கதையை எவன் வேணா சொல்லலாம். நீ பாத்தியா?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த ஆளு உனக்கு என்ன வேணும்? ஜனங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்க" என்றார்.

நிவெஸுக்குக் காது மடல் எரிந்தது. அந்தக் கடையில் அவர் மேல் மொய்த்த கண்களின் கூர் இப்போது தன் மேல் ஏறுவதை உணர்ந்தாள். ஆனாலும் நகரவில்லை. "கதவு திறந்திருக்கிற நேரம் முழுக்க நானே அங்க உக்காந்திருக்கேன். தேவதைக்கு ஏதாவது ஆனா என்னைப் பிடிச்சுக்குங்க" என்றாள். அரை மனதோடு ஒப்புக்கொண்டார் அவர்.

கல்யாணத்தன்று ஊசியாய்க் குத்துகிற காற்று. பக்கவாட்டுக் கதவை அகலத் திறந்து, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதிலேயே உட்கார்ந்துகொண்டாள் நிவெஸ். மெழுகுவர்த்திகள் அணைந்து அணைந்து எரிந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சால்வையை இறுக்கிக்கொண்டு திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

"யாரு அந்தப் பொம்பள? கதவைச் சாத்தச் சொல்லுங்க, குழந்தைக்குச் சளி பிடிக்கப் போகுது."

"ஃபாதரே ஒண்ணும் சொல்லல பாரு. என்னவோ இருக்கு."

நிவெஸ் கேட்காதது போல உட்கார்ந்திருந்தாள். ஆர்கன் முழங்கியது. பெரிய வாசலில் மகளும் தகப்பனும் வந்து நின்றார்கள். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நல்ல கோட்டுக்கு மேலேயே அந்தப் பையை மாட்டியிருந்தார். மகள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது. அவர் நகரவில்லை. ஜனங்கள் நெளிந்தார்கள். அவர் கண்கள் கூரைக்குப் போயின, தூண்களுக்கு இறங்கின, பிறகு பக்கவாட்டில் வந்து, சந்தின் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த இடத்தில் நின்றன. நாற்காலியில் இருந்தது யார் என்று அவர் கவனித்தாரோ இல்லையோ, நிவெஸுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

பிறகு வலது காலை எடுத்து வைத்தார். மகள் அவரைவிட மெதுவாக நடந்தாள்.

நிவெஸ் கழுத்துத் துணியை இழுத்து மூடிக்கொண்டு, தும்மலை அடக்கினாள்.