கடல்மட்டும் ஆறாம் நெடுஞ்சாலை

மாலினி செய்த ஒரே பிழை, போகிற பாதையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான். அட்லாண்டிக் கரையில் தொடங்கி அமெரிக்காவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கலிபோர்னியா வரை போகும் ஆறாம் நெடுஞ்சாலை. வாடகைக் காரில், தனியாக. விடிந்து பார்த்தால் பாதை முழுக்கச் சொந்தக்காரர். கிளீவ்லாந்தில் பெரியம்மாவின் மகன், சிகாகோவில் மச்சாளின் தங்கை, டென்வரில் யாரென்றே தெரியாத ஒரு நித்தியானந்தன். வாசலைக் கடந்துபோனவள் கை நனைக்காமல் போனால், அதைப் பேரப்பிள்ளைகளின் கலியாணத்திலும் சொல்லிக் காட்டுகிற சனம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் குகதாசன், மனைவி கலாவதியுடன் லண்டனின் மறுகோடியிலுள்ள குட்மேய்ஸிலிருந்து கோலியர்ஸ் வுட்டிலிருந்த அவள் வீட்டுக்கு வந்திறங்கினார்.

"எல்லாரோடையும் கதைச்சிட்டன். வீட்டுக்கு ரெண்டு நாள். காரைத் திருப்பிக் குடுக்கிற இடம் டென்வர் எண்டு நான்தான் பதிஞ்சனான், அதிலை விட்டிட்டு பிளேன் ஏறு. அங்கால வெறும் வனாந்தரம்."

"அங்காலதான் எனக்குப் போகவேணும், அண்ணை."

"அங்க என்ன கிடக்கு?" என்றாள் கலாவதி.

"ஒண்டுமில்லை, மச்சாள். அதுதான்."

"ஒண்டுமில்லாததைப் பாக்க நெவாடாவுக்கு ஏன்? இவ டயட் தொடங்கினாப்பிறகு எங்கட பிரிட்ஜை வந்து பார்," என்றார் குகதாசன்.

மாலினிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அசையவில்லை. ஜெர்மனியில் வாழ்ந்தவரை புருசன் வீட்டாரின் கேள்விகள். பிரிந்து லண்டனுக்கு வந்தபின் ஊராரின் கேள்விகள். நெவாடாவில், ஈலி என்ற ஊருக்கும் டோனோபாவுக்கும் நடுவில், ஒரு பெற்றோல் நிலையம்கூட இல்லாத நூற்றறுபது மைல் இருந்தது. அங்கே கேட்க ஆளில்லை.

குகதாசன் போனை நீட்டினார். "இஞ்ச பார். உன்ர ரோட்டு கடலுக்கே போகேல்லை. பிஷப் எண்ட ஊரோட முடியுது. நீ தொடங்கினதெல்லாம் இப்பிடித்தான், பாதியிலை."

கலாவதி தரையைப் பார்த்தாள். வீதியில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"முந்தி அது கடற்கரையிலை இருக்கிற லோங் பீச் வரை போனது, அண்ணை," என்றாள் மாலினி. "அறுபத்திநாலிலை அங்கால இருந்த நம்பரை எடுத்துப்போட்டினம். ரோட்டை ஒருத்தரும் கிண்டி எடுக்கேல்லை. வேற நம்பருகளிலை கிடக்கு. நான் கடல்மட்டும் போவன்."

"ஒரு வீட்டுக்கும் போகாட்டி, உனக்கு அங்க ஏதும் ஒண்டு நடந்தாலும் ஒருத்தரும் வரமாட்டினம். நானும் வரமாட்டன்," என்றார் குகதாசன்.

"ஓம்."

போனை எடுத்து, அவர் முன்னாலேயே குழுவில் பேசிப் பதிந்தாள். "எல்லாருக்கும் வணக்கம். நான் ஒருத்தற்றை வீட்டையும் வரேல்லை. சமைக்கவேண்டாம். கோவிக்கிற ஆக்கள் இப்பவே கோவியுங்கோ. நான் வெளிக்கிட முன்னம் முடிச்சிடலாம்."

அனுப்பினாள்.

குகதாசன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கலாவதியை முன்னே அனுப்பிவிட்டு, வாசலில் சற்று நேரம் நின்றார், கூப்பிடுவாள் என்று. அவள் கூப்பிடவில்லை. கதவு சாத்தியதும் போனில் கிளீவ்லாந்து அடித்தது. பிறகு டென்வர். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, வாடகைக் கார்ப் பதிவைத் திறந்தாள். காரைத் திருப்பிக் கொடுக்கும் இடமாக அண்ணன் போட்டிருந்த டென்வரை அழித்து, லோங் பீச் என்று எழுதினாள்.