அக்காவுக்குக் கண் கூசிய வெளிச்சம்

இன்னும் ஒரு படி வெளிச்சம் ஏறினால் அக்கா மாடிப்படி இறங்கிப் போய்விடுவாள் என்று தங்கை நினைத்துக்கொண்டாள். அக்கா காய்ச்சலில் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இருந்தாலும் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிய வெள்ளைத் துணியில், அப்பா எப்போதோ எடுத்த சின்ன ரீல் படத்தில், மொட்டைமாடிக் கொடியில் ஈரப் படுக்கைவிரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டு அக்கா இருந்தாள். புரொஜக்டரில் வெளிச்சம் ஏற ஏற முதலில் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு ஒரு விரிப்புக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். இப்போது விரிப்பில் அவளுடைய நிழலும் அதற்கு அடியில் இரண்டு பாதங்களும்தான் தெரிந்தன. பாதங்கள் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

பழைய புரொஜக்டர்களுக்குப் புது விளக்கு மாட்டித் தருவது தங்கையின் தொழில். தெருவில் அவளுக்குப் பல்புக்காரி என்று பெயர். பழைய பல்புகளை இப்போது யாரும் செய்வதில்லை. செய்த காலத்திலும் அவை விளக்கா அடுப்பா என்று சொல்ல முடியாதபடி கொதிக்கும். ரீல் ஒரு நொடி சிக்கி நின்றால் போதும், படத்தில் இருப்பவரின் கன்னத்தில் பழுப்பாக ஒரு கொப்புளம் கிளம்பி ஓட்டையாகிவிடும். அவள் அந்தப் பல்பையும் அதன் தாங்கியையும் கழற்றிவிட்டு, அலுமினியக் கட்டையை அளவாக அறுத்து, அதன்மேல் நகத்தளவு எல்இடி விளக்கை உட்காரவைத்து, வெளிச்சம் லென்ஸின் நடுவில் விழும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவாள். சூடு இல்லை, வெளிச்சமோ பழையதைப்போல இரண்டு மடங்கு. வாங்கிக்கொண்டு போனவர்கள், கல்யாண வரவேற்பில் பின்சுவர்க் கடிகாரத்தின் மணிகூடத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

கொஞ்ச நாளில் புகார்கள் வந்தன. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "ஏம்மா, எங்க மாமனார் கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்காரும்மா. செத்து எத்தனையோ வருஷமாச்சு, படத்துக்குள்ள இருந்துக்கிட்டு இன்னமும் என் உயிர வாங்குறாரு" என்றார். அவள் லென்ஸைத் துடைத்துக் கொடுத்தாள். இன்னொரு வீட்டுக் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை, தோழனிடம் கறுப்புக் கண்ணாடி கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். மணப்பெண், இப்போது அறுபதைத் தாண்டியவர், அது அவருக்கு நன்றாகவே இருக்கிறது என்று விட்டுவிட்டார். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருவதற்குப் பழகியதுபோல ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தையல்காரர் ஒருவர் மட்டும் இன்னும் பளிச்சென்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெரிய விளக்கு மாட்டியதும் அவருடைய அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து படத்தின் ஓரம் வழியாக வெளியே போனார். பிறகு வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தும் நாற்காலிதான் இருந்தது, அண்ணன் வரவில்லை. "உயிரோட இருக்கறப்பவும் இப்படித்தாம்மா, பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிருவாரு" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் வெகுநேரம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவள் எல்லா மெஷினிலும் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் வைத்தாள்.

அப்பாவின் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வந்தது. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டாக்டர். அப்பா அந்த இருப்பதை அக்காவுக்காக எடுத்துவைத்திருந்தார். படத்தைப் போடச் சொல்லி நாற்காலியைத் துணிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "கண்ணு நல்லா இருந்தப்ப ஒரு கண்ண மூடிக்கிட்டு, இன்னொரு கண்ண கேமரா ஓட்டையில வச்சுத்தான் பொண்ணப் பாத்தாரு. இப்ப ரெண்டு கண்ணும் பத்தலையாம்" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள். சொல்லிவிட்டு அவளும் வந்து கதவோரமாக நிற்பாள்.

முதல் விளக்கில் அப்பாவுக்கு வெள்ளையாக ஏதோ அசைவது தெரிந்தது. இரண்டாவதில் ஒரு கை தெரிந்தது. அது கண்ணை மறைக்கத் தூக்கிய கை. படத்தில் சத்தம் கிடையாது. ஆனால் அக்காவின் உதடு அசைந்ததை இவள் படித்துவிட்டாள்.

"கூசுதுன்னு சொல்றாப்பா."

அப்பா சிரித்தார். "அவளுக்கு எப்பவும் கூச்சம்தான். கேமராவ எடுத்தாலே ஓடுவா. பழகப் பழகச் சரியாயிரும். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போடு."

"அந்தக் கூச்சம் இல்லப்பா. கண்ணு கூசுது."

"அதத்தானே நானும் சொல்றேன்?"

கண் சுருங்குவதற்கும் மனசு சுருங்குவதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான் இருந்தது. அந்த வீட்டின் பிழை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே நடந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் வெட்கத்தைப் போக்கத்தான் வெளிச்சம் கேட்டார். அவளும் ஒவ்வொரு முறையும், பார்வை போய்க்கொண்டிருக்கும் மனிதருக்கு எப்படி இல்லையென்று சொல்வது என்று, குமிழைத் திருகினாள்.

அவருக்குத் தெரியவேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வந்தால் அக்கா இருக்கமாட்டாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் கணக்கு இப்படியே வந்து நின்றது. அவள் கோபப்பட ஆள் தேடிப் பார்த்தாள், யாரும் அகப்படவில்லை. அந்தப் படத்தின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கை உண்டு. துணி மாட்டும் கிளிப்பை அக்காவிடம் நீட்டிக்கொண்டிருக்கும் அது இவளுடைய கைதான். உயிரோடிருப்பவர்களுடைய கை என்பதாலோ என்னவோ, எந்த வெளிச்சத்துக்கும் அது பின்வாங்கவில்லை. அக்கா விரிப்புக்குப் பின்னால் போன பிறகும், வாங்க ஆளில்லாமல், கிளிப்பை நீட்டியபடியே இருந்தது. ரீல் ஓடும்போதெல்லாம் இவளுக்கு அந்தக் கை வலித்தது.

ஒரு மத்தியானம், ஜன்னல்களுக்கு அட்டை வைத்து மறைத்த கூடத்தில், அப்பா மடியில் வைத்திருந்த பெட்டியை நீட்டினார். கண்டக்டரிடம் சொல்லி வாங்கியிருந்தார். இருப்பதிலேயே பெரிய விளக்கு. தையல்காரருக்கு மாட்டிய அதே விளக்கு.

"இத மாட்டும்மா. இதுல தெரிஞ்சிரும்."

அவள் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள். பிரிக்கவில்லை. இருந்த விளக்கிலேயே ரீலை ஓடவிட்டு, குமிழை இடதுபக்கமாகத் திருகினாள். மாடியின் வெயில் சாயங்காலமாக மங்கியது. இன்னும் திருகினாள். விரிப்பின் ஓரம் விலகி, அக்கா வெளியே வந்தாள். நெற்றியில் கை இல்லை. குனிந்து அந்தச் சின்னக் கையிலிருந்து கிளிப்பை வாங்கிக் கொடியில் செருகிவிட்டு, நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். கேமரா இருந்த இடத்தில் இப்போது அப்பாவின் நாற்காலி இருந்தது.

"கரண்ட் போயிருச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஓடுது."

"அவ?"

"வெளிய வந்துட்டா. உங்களத்தான் பாக்குறா."

அப்பா சட்டையைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டார். முகத்தைத் துணிக்கு நேராக வைக்க நினைத்தார். அது சற்றே விலகி, ஜன்னல் பக்கமாக இருந்தது. அம்மா பின்னால் வந்து அவருடைய தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, அக்காவுக்கு நேராகத் திருப்பிவைத்தாள்.

"சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா" என்றாள் அம்மா.

மெஷின் கடகடத்தது. அப்பாவின் கண்கள் விரிந்து, எதையும் பிடிக்காமல், அப்படியே இருந்தன.

"எனக்கும் காட்டேன்மா" என்றார். "கொஞ்சூண்டு ஏத்து. ஒரே ஒரு தடவ."

அவளுடைய விரல் குமிழின்மேல்தான் இருந்தது.

"வேணாம்ப்பா" என்று சொல்லி விரலை எடுத்தாள். மாடியில் அக்கா அடுத்த விரிப்பை உதறினாள்.