முப்பத்தெட்டு அலறல்கள்

மைக்குக்கு முன்னால் வெறும் காலுறையோடு நின்று, வெதுவெதுப்பான தண்ணீரில் தேன் கலந்து குடித்தான் ரெமி லவாலி. பூட்ஸ் தரையில் கிறீச்சிடுகிறதென்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பழைய செருப்புத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடி, பிற்பகல் இரண்டு மணி, அவனுக்கு வயது நாற்பத்துநான்கு. பெருவிரல் எட்டிப்பார்க்கும் காலுறையோடு நரகத்தின் குரலை வரவழைக்க வேண்டும்.

கையிலிருந்த தாளில் முப்பத்தெட்டு அலறல்கள் இருந்தன. தாழ்ந்தது நீளம், தாழ்ந்தது குட்டை, உச்சம் நீளம், பன்றிபோல் வீறிடுவது. சொற்கள் வேண்டாம், வெறும் அலறல் போதும். கணினியில் சேர்த்து வைத்துக்கொண்டால் மேடையில் எந்தப் பாட்டில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்டா. டூர்ல உன் தொண்டை கட்டிக்கிச்சுன்னா?" என்றான் கிடார் வாசிக்கும் மானி பச்சேகோ.

இருபத்தைந்து வருடத்தில் ரெமிக்கு ஒரு தடவைகூடத் தொண்டை கட்டியதில்லை. அது மானிக்கும் தெரியும். ஏப்ரலில் ஐரோப்பா. பஸ்ஸில் ஏழே படுக்கை, ஆட்கள் எட்டு. கணினிக்குப் படுக்கை தேவையில்லை.

பள்ளி முடித்த கையோடு இருவரும் சேர்ந்து தொடங்கிய மெட்டல் இசைக்குழு. முதலில் அதன் பெயர் 'நாங்கள் கொளுத்திய தேவாலயங்களின் வரைபடம்'. உண்மையில் அவர்கள் கொளுத்தியது மானியின் அம்மாவுடைய கராஜில் ஒரு சோபாவை, அதுவும் தவறுதலாக. முதல் ஆல்பம் முழுக்க ரெமியின் அலறல்தான். அப்பாக்களையும் முதலாளித்துவத்தையும் ஒரே மூச்சில் ஒழித்தார்கள். இரண்டாவதில் பல்லவியை மட்டும் மானி இனிமையாகப் பாடினான். கூட்டத்தில் முதன்முதலாகப் பெண்கள் தென்பட்டார்கள். மூன்றாவதில் வயலின்கள் வந்தன, குழுவின் பெயரில் தேவாலயங்கள் போய் 'வரைபடம்' மட்டும் மிஞ்சியது. "எங்கள் ஒலி முதிர்ந்திருக்கிறது" என்று ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மானி பேட்டி கொடுத்தான். முதிர முதிர ரெமி ஊறுகாய் ஆனான். புதிய ஆல்பத்தில் அவனுக்கு மொத்தம் நாற்பது நொடி.

வரும் வழியிலேயே ரெமி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மோசமாகக் கத்திவிட வேண்டும். அப்போதுதான் ஆளையே கூட்டிக்கொண்டு போவார்கள். அதை நினைத்தபோது கோபமோ வருத்தமோ வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ரெடியா தலைவரே?" என்றான் ஒலிப்பதிவுக் கணினி முன்னாலிருந்த ப்ரைஸ்.

கேட்பவர்கள் நினைப்பதுபோல அலறுவதற்குக் கோபம் தேவையில்லை, பலமும் தேவையில்லை. பக்கத்து அறையிலிருப்பவரைக் கூப்பிடும் அளவு மூச்சு போதும். மிச்சத்தைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். ரெமி மூச்சைச் சிந்தவிட்டு, வேண்டுமென்றே இழுத்து, நடுவில் கரகரத்து முதல் அலறலைக் கெடுத்தான்.

ப்ரைஸ் அதைப் போட்டுக் காட்டினான். "பிரமாதம்! அடுத்தது போலாம்."

"சூப்பர்டா," என்றான் மானி, கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

ரெமி ஹெட்ஃபோனைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

"எதுடா சூப்பர்? கதவிடுக்குல வாலு மாட்டுன பூனை மாதிரி இருக்கு. அழி அதை. இன்னொண்ணு எடுப்போம்."

"இது போதும் தலைவரே. நான் சரி பண்ணிக்கிறேன்."

"நீ ஒண்ணும் சரி பண்ண வேணாம். அழின்னா அழி."

அதன்பின் அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. பதினொன்றாவதை நான்கு முறை எடுத்தான். பன்றியை ஆறு முறை. முப்பத்தெட்டும் முடியும்போது மணி ஐந்தைத் தொட்டிருந்தது. இருபத்தைந்து வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவன் அலறியதே இல்லை. மானி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான்.

"இது போதும்டா," என்றான் மெல்ல. அப்புறம் ரெமியைப் பார்க்காமல், "ஏப்ரல் விஷயமா நானே ஃபோன் பண்றேன்," என்றான்.

"பண்ணு," என்று ரெமி பூட்ஸை எடுத்துக்கொண்டான்.

கீழே காரின் கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. சுரண்டத் தொடங்கினான். மேலே அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் வெக்கை தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். பதினொன்றாவது அலறல் இறங்கி வந்தது. கார்ப்பெட் கடை வாசலில் புகைத்துக்கொண்டிருந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து கத்துறான் பாவம். எதைப் பறிகொடுத்தானோ. உங்களுக்குத் தெரிஞ்சவனா?"

"பழக்கம் உண்டு," என்றான் ரெமி.

காருக்குள் உட்கார்ந்தான். அலறல் மறுபடி வந்தது. அதற்கு முன்னால் அவன் மூச்சை இழுக்கும் சத்தமும் கேட்டது. மூன்றாவது முறை வந்தபோது மூச்சை வெட்டியிருந்தார்கள், வெறும் அலறல் மட்டும். சுரண்டி வைத்த இடம் அவன் மூச்சு பட்டு உள்பக்கமாக மெல்ல வெண்மை பூத்து மூடிக்கொண்டது.